குக்கரஹள்ளி ஏன் பச்சையாகிறது?

மைசூருவில் பொழுது புலரும் முன்பே ஆட்கள் கூடிவிடும் இடங்களில் ஒன்று குக்கரஹள்ளி ஏரிக்கரை. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1864இல் அமைத்த ஏரி அது. ஒரு பக்கம் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகம், மறுபக்கம் பெருகிவரும் குடியிருப்புகள். கன்னடக் கவிஞர் குவெம்பு நடந்து பழகிய கரை. கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் இன்றும் வந்திறங்குகின்றன.

சில நாட்களில் காற்று எந்தப் பக்கம் வீசியதோ அந்தக் கரையோரம் நீர் வேறு மாதிரி தெரியும். பச்சை பெயின்டைக் கொட்டிக் கலக்கியதுபோல் ஒரு படலம். வெயில் ஏற ஏற அது காய்ந்து, கல்லில் நீலமும் வெள்ளையுமாகக் கறை விடும். அருகில் போனால் அழுகிய தழையின் வாடை. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் "பாசி பிடித்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். ஆனால் படிக்கட்டில் வழுக்கும் பாசி வேறு, இது வேறு. இது சயனோபாக்டீரியா என்னும் நீலப்பச்சைப் பாசி. பெயரில்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா. உலகெங்கும் ஏரிகளில் இது ஏன் பெருகுகிறது, சூடேறும் பூமிக்கும் இதற்கும் என்ன தொடர்பு, நம் ஊர் நீர்நிலைகளில் அதை எப்படிக் கண்காணிப்பது என்ற கேள்விகளுக்கு மைசூருவின் ஏரிகள் நல்ல பாடப்புத்தகம்.

ஒரு குடுவை நீரில் தெரிவது

ஆய்வுக்கூடம் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. அகன்ற வாய்க் கண்ணாடிக் குடுவையில் முக்கால் பங்கு ஏரி நீரைக் கையுறை அணிந்து முகந்து, மூடி, ஓர் இரவு அசையாமல் வைக்க வேண்டும். பச்சை அடியில் படிந்தால் பெரும்பாலும் அது சாதாரணப் பாசி. மேலே எழும்பி வளையம்போல் நின்றால் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அது மேலெழுவதற்குக் காரணம், அந்த உயிரணுக்களுக்குள் இருக்கும் காற்றுப் பைகள். மைக்ரோசிஸ்டிஸ் என்ற இனத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், கடுகை வழவழப்பான கூழில் தோய்த்து உருட்டியதுபோல் நூற்றுக்கணக்கான உருண்டைகள் ஒட்டிக் கிடக்கும். வெயிலில் உணவு தயாரித்து மாவுச்சத்துப் போன்ற பொருள் உள்ளே சேர்ந்தால் கனம் கூடிக் கீழே இறங்கும். அது செலவானதும் மீண்டும் மிதக்கும். வெளிச்சம் மேலே, உரம் கீழே. இரண்டையும் ஏறியிறங்கி எடுத்துக்கொள்ளும் வசதி மற்றப் பாசிகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. மேலே படர்ந்து நிழல் விழுத்தி, கீழுள்ளவற்றைப் பட்டினி போட்டும் விடும்.

இந்தக் குடும்பத்தை முற்றிலும் வில்லனாகப் பார்ப்பதும் தவறு. 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது இவற்றால்தான். மைசூருவிலேயே இவற்றின் நல்ல முகம் ஒன்று உண்டு. செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கிவரும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில், 1970களில் இந்திய–ஜெர்மன் கூட்டுத் திட்டத்தின் கீழ் ஸ்பைருலினா வளர்ப்பு ஆராயப்பட்டது. அதில் முன்னின்ற எல்.வி. வெங்கடராமன், ஈ.டபிள்யூ. பெக்கருடன் சேர்ந்து பாசியைப் பயன்படுத்துவது பற்றி 1982இல் ஒரு நூலே எழுதினார். சென்னையில் சி.வி. சேஷாத்ரி தலைமையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையமும் அதே வழியில் உழைத்தது. காரம் மிகுந்த நீரில், சுருள் கம்பிபோல் வளரும் அந்த ஸ்பைருலினாவும் நீலப்பச்சைப் பாசிதான். ஒரே நகரம், ஒரே குடும்பம். ஒன்று தொட்டியில் சத்துணவு, இன்னொன்று ஏரியில் நஞ்சு.

நஞ்சின் கதை

நஞ்சைப் பற்றிய முதல் அறிவியல் பதிவு 1878இல் வந்தது. ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் கெட்டியான பச்சை நீரைக் குடித்த ஆடுமாடுகளும் குதிரைகளும் மடிந்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

மைக்ரோசிஸ்டிஸ் சுரக்கும் நஞ்சுக்கு மைக்ரோசிஸ்டின் என்று பெயர். ஏழு அமினோ அமிலங்கள் கைகோத்து வளையமாக நிற்கும் சிறு மூலக்கூறு அது. நேரே கல்லீரலைத் தாக்கும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், சிறுநீரகச் சுத்திகரிப்பு மையம் ஒன்றுக்கு லாரியில் வந்த நீர் போதிய சுத்திகரிப்பு இல்லாமல் நோயாளிகளின் இரத்தத்தோடு உறவாடியது. சிகிச்சை பெற்ற 131 பேரில் 116 பேர் பாதிக்கப்பட்டனர். 52 மரணங்களுக்கு இந்த நஞ்சே காரணம் என்று பின்னர் முடிவானது. 2007இல் சீனாவின் தாய்ஹூ ஏரி பச்சையானபோது வூஷி நகரில் சுமார் 20 லட்சம் பேருக்குக் குழாய் நீர் உதவாமல் போனது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் "குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்" என்று அறிவித்தார்கள். 2020இல் போட்ஸ்வானாவில் 330க்கும் மேற்பட்ட யானைகள் இறந்ததற்கும் நீலப்பச்சைப் பாசியையே அந்நாட்டு அரசு காரணம் காட்டியது.

கொதிக்க வைக்காதீர்கள் என்பது நம் வீடுகளுக்கு முக்கியமான செய்தி. தண்ணீர் சரியில்லை என்றால் நன்றாகக் காய்ச்சிக் குடி என்றுதான் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கிருமிக்கு அது பொருந்தும். மைக்ரோசிஸ்டின் கொதியில் அழியாது. நீர் ஆவியாகக் குறைய, மிஞ்சியதில் நஞ்சின் செறிவு கூடவே செய்யும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஆயுள்முழுக்க ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கிறது. 10 லட்சம் லிட்டர் நீரில் 1 கிராம் என்று வைத்துக்கொண்டால் அளவு விளங்கும். குறுகிய காலத்துக்கு மட்டும் 12 மைக்ரோகிராம் வரை பொறுக்கலாம் என்று 2020இல் சேர்த்தது. நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, நஞ்சு சுரக்கும் நுண்ணுயிர்கள் நீரில் இருக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்வதோடு நிற்கிறது.

உணவு எங்கிருந்து வருகிறது

பாசி எதனால் பெருகுகிறது என்ற கேள்விக்குக் கண்ணெதிரே பதில் காட்டிய சோதனை 1973இல் கனடாவில் நடந்தது. டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226 என்ற எண் கொண்ட ஏரியின் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும் மட்டும். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். சில வாரங்களில் பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சையானது. மற்றது தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படம் சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்குப் பெரும் வலுச் சேர்த்தது.

குக்கரஹள்ளியில் திரை கட்டவேண்டிய தேவையே இல்லை. மழைநீரை ஏரிக்குக் கொண்டுவந்த பூர்ணையா கால்வாய் நகரம் வளர வளரச் சிதைந்தது. அது கொண்டுவந்த நல்ல நீர் குறைந்தது. படுவாரஹள்ளிப் பக்கமிருந்து சாக்கடை நீர் வந்து சேர்ந்தது. வரத்துக்கால்வாய் போய்க் கழிவுநீர் வந்தால் ஏரியின் சமையலே மாறிவிடுகிறது: கழிவறை, சலவை, பாத்திரம் கழுவும் சோப்பு எல்லாவற்றிலிருந்தும் பாஸ்பரஸ். அரண்மனைக்கு அருகே இருந்த தொட்டகெரே என்ற பெரிய ஏரி ஒருகாலத்தில் தூர்க்கப்பட்டு மைதானமானது. எஞ்சிய ஏரிகளுக்கு வேறு வகையான தண்டனை.

பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரி நுரை கக்கியதும், 2016இல் அல்சூர் ஏரியில் மீன்கள் குவியலாகச் செத்து மிதந்ததும் இதே கதையின் வேறு அத்தியாயங்கள். இலங்கையின் கண்டி ஏரியில் 1999இல் மைக்ரோசிஸ்டிஸ் பெருகி நகரின் நடுவே நாற்றமடித்தது. இவற்றில் ஏரியின் தவறு எதுவும் இல்லை.

வெயில் என்ன செய்கிறது

2008இல் 'சயின்ஸ்' இதழில் ஹான்ஸ் பேர்லும் யெஃப் ஹுயிஸ்மனும் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். நீலப்பச்சைப் பாசிக்குச் சூடு பிடிக்கும் என்பதே அதன் சாரம். 25 டிகிரிக்கு மேல் இவற்றின் வளர்ச்சி மற்றப் பாசிகளை முந்துகிறது. மேல்நீர் சூடாகி இலேசானால் கீழ்நீரோடு கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். கலக்கம் இல்லாத நீரில் மிதக்கத் தெரிந்தவனுக்கே ராஜ்யம். 2019இல் ஜெஃப் ஹோ, அன்னா மிகலாக், நிமா பஹ்லவான் மூவரும் 33 நாடுகளில் 71 பெரிய ஏரிகளின் சுமார் 30 ஆண்டு செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தனர். 68 விழுக்காடு ஏரிகளில் கோடைப் பாசியின் உச்சம் கூடியிருந்தது. நிலை தேறிய ஏரிகளில் பெரும்பாலானவை குறைவாகச் சூடானவை.

இதை அப்படியே மைசூருவுக்குப் பொருத்த முடியாது. குளிர்நாட்டு ஏரிகளில் பனிக்காலம் பாசியை ஒவ்வோர் ஆண்டும் அடித்து நிறுத்துகிறது. வெப்பம் கூடினால் அந்த நிறுத்தம் குறைகிறது. நம் நீருக்கு அப்படி ஒரு நிறுத்தமே கிடையாது. இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1940இல் எஸ்.வி. கணபதி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில், மைக்ரோசிஸ்டிஸ் ஆண்டு முழுதும் நிலைத்திருந்த ஒரு கோயில் தெப்பக்குளத்தின் வாழ்வியலை விவரித்து எழுதினார். பருவநிலை மாற்றம் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம். வெப்ப நாட்டில், உரமும் தேங்கலும் இருந்தால் பாசிக்கு எந்த மாதமும் ஏற்ற மாதம்தான்.

அப்படியென்றால் மாறும் வானிலை இங்கே எதைத் தொடுகிறது? முதலில் மழையை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 விழுக்காடு கூடும். பெய்தால் கொட்டித் தீர்க்கும். அந்த வெள்ளம் வயல் உரத்தையும் தெருக் கழிவையும் வழித்துக்கொண்டு ஏரியில் போடும். அடுத்து நீண்ட வறட்சி வந்தால் நீர் வற்றி, உரம் செறிந்து, உபரிநீர் மதகைத் தாண்டாமல் பல மாதம் அப்படியே நிற்கும். 2023இல் கர்நாடகம் கண்ட கடும் வறட்சியில் இதன் சாயலைப் பார்க்க முடிந்தது. ஏரியின் அடியில் ஆக்சிஜன் தீரும்போது, பழைய வண்டலில் அடைந்து கிடந்த பாஸ்பரஸும் இளகி மேலே வரும். இன்று சாக்கடையை அடைத்தாலும் நேற்றைய சாக்கடை அடியிலிருந்து பேசும்.

ஆகவே சூட்டை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு மாநகராட்சி கைகழுவ முடியாது. முன்பு ஓர் ஏரி தாங்கிய கழிவின் அளவை இனி அது தாங்காது. உரத்தின் வரம்பை இன்னும் கீழே இறக்கியாக வேண்டும். இந்த ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் நம் ஊருக்குக் கிடைக்கும் பாடம் அதுதான்.

எப்போது அளப்பது, எதை அளப்பது

இந்தியாவில் பாசியை இனம்பிரித்து எழுதும் மரபு பழையது, அதில் தமிழகத்தின் பங்கு பெரியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. ஐயங்கார் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்த டி.வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட 'சயனோஃபைட்டா', நீலப்பச்சைப் பாசி ஆய்வாளர் மேசையில் இன்றும் கிடக்கும் நூல். மைசூருவில் ஜே. மகாதேவும் எஸ்.பி. ஹொஸ்மனியும் நகரத்தின் இரண்டு ஏரிகளில் பாசியைக் கொண்டே கரிம மாசை மதிப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

இத்தகைய ஆய்வுகளுக்கு உதவும் அளவுகோல் ஒன்றை சி.எம். பாமர் 1969இல் தந்தார். இருபது பாசி இனங்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். கூட்டுத்தொகை 20ஐத் தொட்டால் கரிம மாசு மிகுதி. எளிது, செலவில்லை, மாணவர்கள் செய்யலாம். ஆனால் அதில் யூக்ளினாவுக்கு 5, மைக்ரோசிஸ்டிஸுக்கு வெறும் 1. சாக்கடையை மோப்பம் பிடிக்கும் அந்த அளவுகோல் நஞ்சை மோப்பம் பிடிக்காது.

அரசின் அளவுகோலிலும் இப்படி ஓர் ஓட்டை உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீரை அ முதல் உ வரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் வகுப்புக்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். பச்சை மண்டிய ஏரியில் நண்பகலில் இதை அளந்தால் என்ன ஆகும்? கோடிக்கணக்கான உயிரணுக்கள் வெயிலில் ஆக்சிஜனைக் கக்கிக்கொண்டிருக்கும். எண் அமோகமாக வரும். இரவில் அதே உயிரணுக்கள் மூச்சுக்காக அதை உறிஞ்சும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும்போதுதான் உண்மையான அளவு தெரியும். அந்த வகுப்புப் பட்டியலில் பச்சையத்துக்கும் பாஸ்பரசுக்கும் இடமே இல்லை.

இன்னொரு சிக்கல்: நஞ்சு சுரக்கும் மைக்ரோசிஸ்டிஸும் சுரக்காததும் நுண்ணோக்கியில் இரட்டைப் பிள்ளைகள். பிரித்துப் பார்க்க, நஞ்சைத் தயாரிக்கும் மரபணுக் கூட்டத்தைத் தேடும் பி.சி.ஆர். வேண்டும்; நஞ்சின் அளவைச் சொல்ல எலைசா சோதனையோ நிறை நிறமாலைமானியோ வேண்டும். வாரணாசியின் குளங்களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தாரும், நாக்பூரின் நீரி நிறுவனத்தாரும், குவாலியரின் பாதுகாப்பு ஆய்வகத்தாரும் இவ்வழிகளில் வேலை செய்திருக்கிறார்கள். நீரிலுள்ள மொத்த மரபணுக்களையும் ஒருசேரப் படிக்கும் முறை வந்தபின் இன்னொரு உலகமும் தெரிகிறது: பாசியின் கூழுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், பாசியைத் தாக்கும் வைரஸ்கள், மைக்ரோசிஸ்டினையே தின்னும் ஸ்பிங்கோமோனாஸ் வகைகள்.

வானத்திலிருந்து பார்ப்பதும் உதவும், அளவறிந்து நம்பினால். சென்டினல்-3 செயற்கைக்கோளால் நீலப்பச்சைப் பாசிக்கே உரிய நிறமியை அடையாளம் காண முடியும். ஆனால் அதன் ஒரு புள்ளி 300 மீட்டர் சதுரம். சுமார் 60 ஹெக்டேர் குக்கரஹள்ளி அதன் கண்ணில் ஆறேழு புள்ளிகள். சென்டினல்-2க்குப் புள்ளி 10 மீட்டர், படம் கூர்மை. ஆனால் அந்த நிறமியைப் பிரித்துணரும் பட்டை அதில் இல்லை, மழைக்காலத்தில் மேகமும் மறைக்கும். படகும் வாளியும் ஓய்வு பெறப்போவதில்லை.

ஆற்றோடு போவது

மைசூரு குடிப்பது காவிரியையும் கபினியையும், குக்கரஹள்ளியை அல்ல. அதனால் ஏரியின் பச்சை நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. அதே காவிரி கிருஷ்ணராஜ சாகரத்தைத் தாண்டி மேட்டூரில் தேங்குகிறது. அண்மை ஆண்டுகளில் மேட்டூர் நீர்ப்பிடிப்பில் பண்ணவாடி, கோட்டையூர்க் கரைகளில் பச்சைப் படலம் ஒதுங்கி, மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு புகார் சொன்னதும், அதிகாரிகள் நுண்ணுயிர்க் கரைசல் தெளித்ததும் தமிழ் நாளிதழ்களில் வந்த செய்திகள். மேலே வயலிலும் ஊரிலும் கரைவது கீழே அணையில் பூக்கிறது.

தெளிப்பதில் எச்சரிக்கை வேண்டும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் அணை நீரில் பாசி மிகுந்தபோது மயில்துத்தம் போட்டார்கள். பாசி செத்தது, செத்த உயிரணுக்கள் வெடித்து நஞ்சு மொத்தமாக நீரில் கலந்தது. 148 பேர் நோயுற்றனர், பெரும்பாலும் குழந்தைகள். பச்சை மறைந்தால் ஆபத்து மறைந்தது என்று பொருளில்லை.

நிலைத்த தீர்வு வரத்தைச் சீர்செய்வதில் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரியில் 1955இல் நீலப்பச்சைப் பாசி தோன்றியதை டபிள்யூ.டி. எட்மண்ட்சன் கவனித்துச் சொன்னார். 1958இல் சுற்றுப்புற மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். 1963 முதல் 1968க்குள் கழிவுநீர் ஏரியிலிருந்து திருப்பிவிடப்பட்டது. 1970களில் நீர் தெளிந்தது. அதைச் சாத்தியமாக்கியது, பாசி வருமுன்பே தொடங்கி ஆண்டுக்கணக்கில் விடாமல் எழுதி வைத்த அளவுக் குறிப்புகள். மைசூருவிலும் வித்யாரண்யபுரம், கேசரே, ராயனகெரே சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் வழக்கமான நிலையம் கரிம மாசைக் குறைப்பதில் காட்டும் திறனைப் பாஸ்பரஸை எடுப்பதில் காட்டாது. அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும்.

அளவுக் குறிப்புக்குப் பெரிய செலவு தேவையில்லை. குக்கரஹள்ளி கட்டப்பட்ட மறுவருடம், 1865இல், இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி ஒரு தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறது என்று அளந்தார். இன்றும் அதே முறைதான்: 20 சென்டிமீட்டர் தட்டு, கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிக் கால் பங்குகள், அளவு குறித்த கயிறு. பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே ஏரி இருக்கிறது. வாரம் ஒருமுறை, சூரியன் எழுமுன், கரையோரம் ஒன்று, நடு ஏரியில் ஒன்று என இரு இடங்களில் தட்டின் ஆழம், நீரின் வெப்பம், கரைந்த ஆக்சிஜன். ஒரு குடுவை நீர் பாஸ்பரசுக்கும் நுண்ணோக்கிக்கும். ஒரு மாணவர் படித்து முடித்துப் போகும்போது அடுத்தவர் கையில் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனால், இருபது ஆண்டுகளில் அந்த ஏரிக்கும் மழைக்கும் வெயிலுக்குமான கணக்கு இந்தியாவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத தொடர்ச்சியோடு கையில் இருக்கும். கணபதி 1940இல் தெப்பக்குளத்தங்கரையில் உட்கார்ந்து எழுதியதைப் போல, யாரோ ஒருவர் விடிகாலை ஐந்தரை மணிக்கு அங்கே இறங்கி முதல் பக்கத்தை எழுத வேண்டும்.